மனப்பதற்றத்துக்கு இயற்கை மருத்துவம்: இரு மருத்துவர்களும் ஒரே சீட்டில் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் அக்டோபர் 10-ஆம் நாள் உலக மனநல நாளாகவும், நவம்பர் 18-ஆம் நாள் தேசிய இயற்கை மருத்துவ நாளாகவும் அனுசரிக்கப்படுகின்றன. இயற்கை மருத்துவத்துக்கான அறக்கட்டளை ஆவணம் ஒன்றில் காந்தியடிகள் 1945-ஆம் ஆண்டு கையெழுத்திட்ட நாளை நினைவுகூர்ந்து, 2018 முதல் பின்னது கொண்டாடப்பட்டு வருகிறது. நாற்பது நாள்கூட இடைவெளியில்லாமல் வரும் இவ்விரு நாள்களிலும் அரசு மருத்துவமனைகளில் விழாக்கள் நடக்கின்றன. முதல் விழாவில் மனநல மருத்துவர்கள் பேசுகிறார்கள், அடுத்த விழாவில் இயற்கை மருத்துவர்கள் பேசுகிறார்கள். மனப்பதற்றத்தோடு வரும் ஒரே நோயாளியைப் பற்றித்தான் இருவரும் பேசுகிறார்கள் என்றாலும், அந்த நோயாளியை முன்னால் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து பேசிய காட்சியை நான் கண்டதில்லை. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற மருந்தாளுநர் என்ற முறையில், இதுகுறித்து அரசின் பார்வைக்கும் தங்கள் வாசகர்களின் பார்வைக்கும் சிலவற்றைக் கொண்டுவர விரும்புகிறேன்.

மருந்தகச் சன்னலுக்கு இப்புறம் நின்று பார்ப்பவருக்கு மனப்பதற்றம் அந்தப் பெயரில் தென்படுவதில்லை. நெஞ்சு படபடப்பு, வயிற்றுப் பொருமல், கை நடுக்கம், விடிய விடியத் தூக்கமின்மை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தாம் அதிகம். இசிஜி எடுத்தாயிற்று, தைராய்டு பார்த்தாயிற்று, ரத்தசோகையும் இல்லை என்று எழுதப்பட்ட சீட்டுகளோடு அவர்கள் வயிற்றுப்புண் மாத்திரையையும் வைட்டமின் மாத்திரையையும் வாங்கிச் செல்வார்கள்; அடுத்த வாரம் அதே வரிசையில் மீண்டும் நிற்பார்கள். மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தால், “எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை” என்று சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார்கள். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 18 வயதுக்கு மேற்பட்டோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் இருப்பதாகவும், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சைக்குள் வரவே இல்லை என்றும் தெரிவித்தது. அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்களில் பலர், மருத்துவமனைக்கு வராதவர்கள் அல்லர். வந்தும் வேறு வாசலில் நிற்பவர்கள்.

இந்த இடத்தில்தான் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவுகளின் மதிப்பை நான் உணர்ந்தேன். மனநலப் பிரிவின் படியேறத் தயங்கும் ஒரு பெண், யோகா கற்றுக்கொள்ளவும் மூட்டுவலிக்கு வழி கேட்கவும் எந்தக் கூச்சமும் இல்லாமல் இங்கு வருகிறார். சென்னை அரும்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியும், செங்கல்பட்டில் உருவாக்கப்பட்ட யோகா, இயற்கை மருத்துவ நிறுவனமும் இத்துறைக்கு முறையான அடித்தளம் அமைத்திருக்கின்றன. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு படித்துவிட்டு வரும் இம்மருத்துவர்களை, மூன்று நாள் முகாமில் சான்றிதழ் வாங்கியவர்களோடு சேர்த்துப் பார்ப்பது பெரும் அநீதியாகும்.

அந்த அறையில் நடப்பதை ஒரு முறை நேரில் பார்த்தவருக்கு அதன் பயன் எங்கிருந்து வருகிறது என்பது ஓரளவு விளங்கும். சலித்து எடுத்த சுத்தமான மண்ணை முந்தின நாளே ஊறவைத்து, மறுநாள் காலை குளிர்ந்த மண்ணை ஈரத்துணியில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி மடித்து, நோயாளியின் அடிவயிற்றின் மேல் வைக்கிறார்கள். கண்களின் மேலும் சிறியதாக ஒரு பட்டி வைப்பதுண்டு. இருபது முப்பது நிமிடங்களுக்கு அவர் அப்படியே படுத்திருக்க வேண்டும். கைப்பேசி கிடையாது, பேச்சு கிடையாது, எழுந்து போய் அடுப்பைப் பார்க்க வேண்டியதும் கிடையாது. நாளெல்லாம் பிறர் குரலுக்கு எழுந்து ஓடும் ஒரு குடும்பத் தலைவிக்கு, யாரும் அழைக்காத அந்த அரைமணி நேரமே ஒரு சிகிச்சையாகிவிடுகிறது. அதன்பின் மருத்துவர் அவரை உட்காரவைத்து, எப்போது எழுகிறீர்கள், எத்தனை முறை காப்பி குடிக்கிறீர்கள், இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்கிறார். கூட்டம் நெரியும் மனநலப் புறநோயாளிகள் பிரிவில், எவ்வளவு நல்ல மருத்துவராக இருந்தாலும், இத்தனை கேள்விகளுக்கு நேரம் கிடைப்பதில்லை.

இம்முறைகளில் சிலவற்றுக்கு உடலியங்கியல் சார்ந்த விளக்கமும் உண்டு. நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில் மூச்சை மெதுவாக்கி, வெளிமூச்சை நீட்டிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது; நாடிசுத்தி, பிரமரி ஆகிய மெதுவான மூச்சுப் பயிற்சிகள் படபடப்பைக் குறைப்பதற்கு இதுவே முக்கியமான காரணம். படுக்கப் போகுமுன் வெதுவெதுப்பான நீரில் பாதங்களை வைத்திருந்தால் பாதத்தின் ரத்த நாளங்கள் விரிந்து, உடலின் உள்வெப்பம் வெளியேறி, உறக்கம் விரைவாக வருகிறது. காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன், பதற்றத் தாக்குதல் வரக்கூடியவர்களுக்கு அதைத் தூண்டிவிடக்கூடியது. மாலை நான்கு மணி காப்பியை விட்டதனாலேயே இரவுத் தூக்கம் திரும்பியவர்கள் உண்டு. இடுப்புக் குளியல், முதுகுத்தண்டுக் குளியல், மண்பட்டி ஆகியவற்றுக்கு இந்த அளவுக்கு வலுவான ஆய்வு ஆதாரம் இன்னும் சேரவில்லை. அவை இதமளிக்கின்றன, நோயாளியை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவருகின்றன என்று சொல்லலாம். அதற்குமேல் உரிமை கொண்டாடுவது முறையாகாது.

ஆய்வுகள் காட்டும் எல்லையையும் நாம் மதிக்க வேண்டும். அமெரிக்காவில் பொதுவான மனப்பதற்றக் கோளாறு உடைய 226 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு வாரக் குண்டலினி யோகப் பயிற்சி பெற்றவர்களில் 54 விழுக்காட்டினர் நலம் கண்டார்கள். மன அழுத்தம் குறித்த பாடம் மட்டும் கேட்டவர்களில் அது 33 விழுக்காடாக இருந்தது. ஆனால் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் படிப்படியாக மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சை (சிபிடி) பெற்றவர்களில் நலம் கண்டோர் ஏறத்தாழ 71 விழுக்காடு. யோகாவுக்கு உண்மையான பயன் உண்டு என்பதையும், முறையான உளவியல் சிகிச்சையின் இடத்தை அது நிரப்பிவிடாது என்பதையும் இந்த ஓர் ஆய்வே சேர்த்துச் சொல்லிவிடுகிறது. 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு, எட்டு வார மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்), பதற்றத்துக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் எஸ்சிடலோபிராம் மாத்திரைக்குப் பின்தங்கவில்லை என்று கண்டறிந்தது. இச்செய்தியை மேடைகளில் எடுத்துச் சொல்பவர்கள், அப்பயிற்சியில் வாரந்தோறும் இரண்டரை மணி நேர வகுப்பும் நாள்தோறும் வீட்டில் 45 நிமிடப் பயிற்சியும் இருந்ததைச் சொல்ல விட்டுவிடுகிறார்கள். துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்து, “மூச்சைக் கவனியுங்கள்” என்று சொல்லி அனுப்புவது அந்தச் சிகிச்சையாகாது.

இனி, என்னை இக்கடிதம் எழுதவைத்த கவலைக்கு வருகிறேன். என் உறவுக்காரப் பெண் ஒருவர் பல ஆண்டுகளாக பதற்றத்தைத் தணித்து உறக்கம் தரும் குளோனசெபாம் மாத்திரையை இரவில் எடுத்துவந்தவர். தனியார் இயற்கை வாழ்வியல் முகாம் ஒன்றில் சேர்ந்தபோது, கொண்டுவந்த மாத்திரைகள் அனைத்தையும் முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அங்கு விதியாக இருந்தது. “ரசாயனம் உள்ளே இருக்கும்வரை உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளாது” என்று விளக்கமும் சொன்னார்கள். நம்பிக்கையோடு கொடுத்துவிட்டார். அடுத்த சில நாள்களில் உறக்கம் முற்றிலும் போய், வியர்வையும் நடுக்கமும் அதிகரித்து, இறுதியில் வலிப்பு வந்து அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். அதுவரை அவருக்கு வலிப்பு வந்ததே இல்லை. இவ்வகை மாத்திரைகளுக்கு மூளை பழகிவிட்ட பிறகு, அவற்றை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கால் பங்கும் அதற்குக் குறைவுமாகத்தான் குறைத்துவர வேண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பது மருந்தியலின் பாலபாடம். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்துபவர்களுக்குத் தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், உடலில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு ஆகியவை வருவதுண்டு. பழைய பதற்றமே திரும்பிவிட்டதென்று அவர்கள் அஞ்சிவிடுகிறார்கள்.

இதைவிடக் கவனத்துக்கு வராத ஆபத்து ஒன்றும் உண்டு. இயற்கை மருத்துவத்தில் உப்பில்லா உணவும், பழச்சாறு மட்டும் அருந்தும் உண்ணாநோன்பும், நீராவிக் குளியலும், எனிமாவும் வழக்கமான சிகிச்சைகள். நல்ல உடல்நிலையில் உள்ளவர், மருத்துவரின் மேற்பார்வையில், சில நாள்கள் இவற்றைத் தாங்கிக்கொள்வார். அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனையக் கோளாறுக்காக லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொள்பவருக்கோ இவை ஒவ்வொன்றும் தனித்தனியே தீங்கானவை. நான்கும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே நடத்துகிறது. உணவில் உப்பு குறைந்து, வியர்வையிலும் கழிச்சலிலும் நீரும் உப்பும் வெளியேறும்போது, சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்க முயலும். கூடவே லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் அதன் செறிவு ஏறிக்கொண்டே போகும். பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவாக உள்ள மருந்து இது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல், மனக்குழப்பம் என்று அறிகுறிகள் வரிசையாக வரும். உண்ணாநோன்பு முகாம்களில் இதே வாந்தியையும் நடுக்கத்தையும் பார்த்துவிட்டு, “உடலில் தேங்கிய கழிவுகள் வெளியேறுகின்றன, இன்னும் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று தேற்றுவது வழக்கம் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே அச்சமாக இருக்கிறது. இருமுனையக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் நோயின் பெயரைச் சொல்லத் தயங்கி, “கொஞ்சம் டென்ஷன், தூக்கம் வருவதில்லை” என்று மட்டும் சொல்லிச் சேருவது நம் ஊர்களில் சாதாரணமாக நடப்பதுதான். ஆகவே நோயின் பெயரைக் கேட்பது போதாது. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சியிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மெதுவான மூச்சு பதற்றத்தைத் தணிக்கும் என்பதால், எல்லா மூச்சுப் பயிற்சியும் தணிக்கும் என்று பொருளில்லை. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகளின்போது ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, விரல்கள் மரத்து, தலை கிறுகிறுத்து, நெஞ்சு படபடக்கலாம். ஏற்கெனவே பதற்றத் தாக்குதலுக்கு ஆளாகி அஞ்சியிருப்பவருக்கு இது அந்தத் தாக்குதலாகவே தோன்றும். நூறு பேரை மைதானத்தில் உட்காரவைத்து ஒரே பயிற்சியை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொடுக்கும் முகாம்களில், யாருக்கு எது வேண்டாம் என்று யார் பார்த்துச் சொல்வது?

மூலிகைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு இயற்கை மருத்துவம் மருந்தில்லா மருத்துவம். அமுக்கராவும் (அசுவகந்தா) வல்லாரையும் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களின் எல்லைக்குள் வருபவை. ஆயினும் மேலைநாடுகளில் இயற்கை மருத்துவம் என்ற பெயரிலேயே மூலிகைகள் விற்கப்படுவதைப் பார்த்து, இங்கும் இணையக் கடைகளில் அமுக்கரா மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உட்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். அமுக்கரா சிலருக்குக் கல்லீரல் பாதிப்பை உண்டாக்கியதாகப் பதிவுகள் உள்ளன. தைராய்டு அளவை மாற்றக்கூடியது. தூக்க மாத்திரையோடு சேரும்போது மயக்கத்தைக் கூட்டக்கூடியது. கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டியது. டென்மார்க் 2023-இல் அதைத் தடைசெய்தது. தகுதியுள்ள சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பதும், நாமே விளம்பரம் பார்த்து வாங்கி விழுங்குவதும் ஒன்றாகிவிடாது.

சட்டம் இவ்விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல வல்லுநர் யார் என்று வரையறுக்கும்போது, மனநல மருத்துவர்களோடு, சித்த மருத்துவத்தில் ‘சிறப்பு மருத்துவம்’ என்ற பிரிவைப் பயின்ற முதுநிலைப் பட்டதாரிகளையும், ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி ஆகியவற்றில் உரிய முதுநிலைப் பட்டம் பெற்றவர்களையும் ஏற்றுக்கொள்கிறது. இயற்கை மருத்துவம் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. மனநோயைக் கண்டறிவதும் அதற்கான மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் வேறொருவரின் பொறுப்பு என்ற தெளிவை இது தருகிறது. துணைச் சிகிச்சை அளிப்பதற்கு இதனால் எந்தத் தடையும் இல்லை. அதேபோல், 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் அட்டவணையில், நீரிழிவு, வலிப்பு ஆகியவற்றோடு மனநோயும் நரம்புத் தளர்ச்சியும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துகளையும் மாயத் தீர்வுகளையும் விளம்பரம் செய்வது குற்றம். எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட இச்சட்டத்தை அறியாதவர்போல, நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களிலும் காலை நேரத் தொலைக்காட்சியிலும் விளம்பரங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன.

ஆகவே நல்வாழ்வுத் துறை செய்யக்கூடியது என நான் கருதுவது மிகவும் எளிய ஏற்பாடுதான். யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு உள்ள ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும், மனப்பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றுக்காக வருபவருக்கு ஒரே ஓ.பி. சீட்டு இருக்கட்டும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எழுதும் மாத்திரையும், இயற்கை மருத்துவர் எழுதும் பயிற்சியும் உணவுமுறையும் அதே தாளில் இருக்கட்டும். உண்ணாநோன்போ, உப்பில்லா உணவோ, நீராவிக் குளியலோ எழுதும்போது மேலே உள்ள மருந்துப் பெயர்கள் கண்ணில் படும். மாத்திரையைக் குறைக்க வேண்டிய கட்டம் வரும்போது, பயிற்சியில் நோயாளி எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்பது மனநல மருத்துவருக்கும் தெரியும். மருந்து வழங்கும் மருந்தாளுநரும் அதைப் பார்ப்பார் என்பதை என் அனுபவத்திலிருந்து சேர்த்துக்கொள்கிறேன். வரிசையில் நிற்பவரின் கையிலுள்ள தாளை முழுமையாகப் படிக்கும் கடைசி ஆள் பெரும்பாலும் அவர்தான்.

1794-இல் வேர்கொண்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் அரும்பாக்கம் கல்லூரியும் ஒரே நகரில், சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. இயற்கை மருத்துவப் பயிற்சி மருத்துவர் ஒவ்வொருவரும் சில வாரங்களாவது மனநலப் பிரிவில் பணியாற்றுவதை உறுதிசெய்தால், எந்த நோயாளியைத் தாம் வைத்துக்கொள்ளலாம், எவரை அன்றே அனுப்பிவைக்க வேண்டும் என்ற பகுத்தறிவு அவர்களுக்கு வாய்க்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவர், காதில் குரல் கேட்பதாகச் சொல்பவர், நாள்கணக்கில் உறங்காமல் அளவு மீறிய உற்சாகத்தில் இருப்பவர் ஆகியோர் மண்பட்டிக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் காத்திருக்கக் கூடாதவர்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கிவரும் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம் என்ற பலகை ஒவ்வோர் இயற்கை மருத்துவ அறையின் வாசலிலும் இருக்க வேண்டும்.

தனியார் முகாம்களும் இயற்கை மருத்துவமனைகளும் சேர்க்கைப் படிவத்தில், தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எழுதிப் பெறுவதையும், எழுதிக் கொடுத்த மருத்துவரின் ஒப்புதலின்றி எதையும் நிறுத்தச் சொல்லக் கூடாது என்பதையும் அரசாணை மூலம் கட்டாயமாக்க வேண்டும். தங்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. மனக்கவலை, நரம்புத் தளர்ச்சி, தூக்கமின்மை ஆகியவற்றை மாத்திரையின்றி முற்றிலும் குணப்படுத்துவதாகக் கூறும் விளம்பரங்கள் வரும்போது, சிகிச்சை அளிப்பவரின் பட்டத்தையும் பதிவு எண்ணையும் கேட்டுப் பெற்று, அவற்றை விளம்பரத்திலேயே அச்சிடுவதைத் தங்கள் நாளிதழ் நிபந்தனையாக்கலாம். சட்டம் தடைசெய்த வாக்குறுதிகளைக் கொண்ட விளம்பரங்களைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
தஞ்சாவூர் மாவட்டம்.